உரம் பிடிக்காத செடி

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஒரே ஜன்னல். அதில் ஜாம் போத்தலை வைத்து நான் பாசி வளர்க்கிறேன் என்று அம்மா கேலி செய்துகொண்டிருந்தாள். பாசியாம்! பூச்சி தின்னும் செடி அது. விஞ்ஞானப் புத்தகத்தில் படம் பார்த்த மறுவாரமே, மலைக்குக் கீழே வயலோரக் குட்டையில் மஞ்சள் பூவோடு கண்டுபிடித்துவிட்டேன். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

இலையெல்லாம் நூல் நூலாக இருக்கும். நூலெங்கும் கடுகளவு பைகள். பூச்சியை உறிஞ்சுவது அந்தப் பைகள்தான். செடியைத் தண்ணீரிலிருந்து தூக்கினால் அவை படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே தூக்கித் தூக்கிக் காதோடு வைத்துக் கேட்பேன்.

தீனிக்காக வாசல் தண்ணீர்ப் பீப்பாயிலிருந்து கொசுப்புழு பிடித்துப் போட்டேன். அம்மாவுக்கு வந்ததே கோபம். மனுஷருக்கே மாவு கிடைக்காத வருஷத்தில் செடிக்குத் தீனியா, அதுவும் வீட்டுக்குள் கொசு வளர்த்தா என்று பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள இது ஒரு புழுவயாச்சும் திங்கணும். இல்லாட்டி போத்தலோட சாக்கடக் கானுல ஊத்திருவேன்."

இருந்தது நாலே நாள். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. அப்பா அப்போது தேயிலைக்கு உரம் போடும் வேலையில் இருந்தார். உரம் விழுந்தால் கொழுந்து எப்படித் தள்ளும் என்று பிறந்ததிலிருந்து பார்த்தவள் நான். அவர் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கின் மடிப்பைச் சுரண்டி, ஒரு சிட்டிகை உரத்தைப் போத்தலில் போட்டேன்.

இரண்டாம் நாள் செடி சொதசொதவென்று அழுகிக் கிடந்தது. புழுக்கள் மட்டும் குஷியாகத் துள்ளின. அழுதுகொண்டே அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். உரம் போட்டுச் செத்ததென்றால் அது தோட்டத்துச் செடியே இல்லை என்றார்.

விரல் நீளத்துக்குப் பச்சை மிச்சமிருந்தது. அதை மட்டும் கிள்ளி, கூரைத் தகரத்தில் வழிந்த மழைத் தண்ணீரில் விட்டு, ஒரே ஒரு புழுவைப் போட்டேன். சனிக்கிழமையும் போனது. ஞாயிறு காலை வெயிலில் பார்க்கிறேன், புழுவின் வால் பைக்குள், தலை வெளியே! நான் போட்ட கூச்சலில் லயமே எழுந்திருக்கும். அம்மா ரொட்டி தட்டிய கையோடு வந்து, போத்தலில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் சாயங்காலம் போத்தலில் ஏழெட்டுப் புழுக்கள் புதிதாக நெளிந்தன. நான் போடவில்லை. அன்றும் எங்களுக்கு ஆளுக்கு அரை ரொட்டிதான். கேட்டதற்கு அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஒன்னே ஒன்னுதான் போட்டிருக்க. பசிக்காதா அதுக்கு?"