போனவர் இல்லை, ஆக்கப்பட்டவர்

கம்பம் ஊரில் ஓர் அரசு ஆபீஸ் வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். எனக்குத் தெரியாத தமிழா என்று ஒரு கொழுப்பு இருந்தது. அதை அடக்கியவர் இலங்கை அகதி முகாமிலிருந்து வந்த ஓர் அம்மா. திராட்சைத் தோட்ட வேலையில் கறுத்த விரல்கள், இடுப்பில் சொருகிய சிவப்புப் பேனா. பிழை கண்டால் பேனா வெளியே வந்துவிடும்.

அவர் கணவர் மனித உரிமைக்காரர். அங்கே சண்டை நடந்தபோது, பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் பெயர்களை ஊர் ஊராகப் போய் எழுதியவர். ஒருநாள் அவரையும் பிடித்துப் போனார்கள்.

அம்மாவின் மனுவில் ‘என் கணவர் காணாமல் போனார்’ என்று எழுதினேன். ‘போனார்’ என்பதை அடித்து, ‘ஆக்கப்பட்டார்’ என்று திருத்தினார்.

“ரெண்டும் ஒண்ணுதானம்மா” என்றேன்.

“தம்பி, ஆடு மாடுதான் வழி தெரியாமல் காணாமல் போகும். என்ர மனுசன் போகேல்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்து கொண்டுபோனவை.”

உள்ளே கிளார்க் உதட்டைப் பிதுக்கினார். “இறந்து போனாக, காணாமப் போனாக, ரெண்டு கட்டந்தாம்மா கம்ப்யூட்டர்ல இருக்கு. ஆக்குனது யாருன்னு பேரு இருந்தா சொல்லுங்க, ஓரமா எழுதிருவோம்.”

“பேர் எழுதினவருக்கு நடந்ததைத்தான் ஐயா மனுவாக் கொண்டு வந்திருக்கிறன்.”

ரசீதில் ‘காணாமல் போனவர்’ என்றே வந்தது. அம்மா அங்கேயே நின்று அதை அடித்தார். கிளார்க் பதறிப்போய் எழுந்தார்.

“ஆத்தா, கவர்மெண்டுக் காயிதத்துல அடிச்சா குத்தம்!”

மனிதரை அடித்துவிடலாம் போலிருக்கிறது. காகிதத்தில்தான் கூடாது.