ஒரு கார்டு, இரண்டு அடுப்பு

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொன்னால் இன்னும் நீளமாகச் சொல்வார்கள், பாதியில் நிறுத்தச் சொல்லவும் முடியாது. ஒரு கூட்டத்தில் நாலு பேரைச் சிரிக்க வைக்கும் ஆசையில், ஒரு விதவையின் பென்ஷனை அவர் முகம்கொடுத்துப் பேசாத ஓரகத்தியின் கணக்குக்கு அனுப்பி வைத்த ஆள் நான்.

நலத்திட்ட அலுவலகத்தில் கிளார்க் வேலை. ஏழைகளுக்கான உதவிகள் அதுவரை தனித்தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. விதவை பென்ஷன் ஒரு பக்கம், ரேஷன் அரிசிக்குப் பதிலான பணம் ஒரு பக்கம், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் இன்னொரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மனு, ஒரு வருமானச் சான்று, ஒரு வரிசை. எல்லாவற்றையும் சேர்த்து மாதம் ஒரே தொகையாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மேலே இருந்து பேச்சு வந்ததும் அதிகமாகத் துள்ளியது நான்தான். காரணம் என் மாமனார். அவர் சொல்தா; பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மாதம் பிறந்தால் மொத்தமாக ஒரே பென்ஷன், வங்கியில் விழுந்துவிடும். மனுஷன் வரிசையில் நின்று நான் பார்த்ததே இல்லை, ஒயின்ஷாப் தவிர. அந்த நிம்மதி எல்லாருக்கும் வரட்டுமே என்று நினைத்தேன். நினைப்பில் தப்பில்லை.

புது மனுவைத் தயார் செய்ததும் நான்தான். ஒரே பக்கம். ஏழைகளுக்குத் தரும் சிவப்பு ரேஷன் கார்டு ஒன்றுக்கு ஒரே கணக்கு. கார்டில் முதல் பெயர் யாருடையதோ, அவர் கணக்கு. கூட்டத்தில் ஒரு பெண் ஊழியர், "ஒரே கார்டுல ரெண்டு அடுப்பு எரியிற வீடெல்லாம் இருக்கே, அதுக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். நான் எழுந்து, "அடுப்பு எத்தனைன்னு கேஸ் ஏஜென்சி பாத்துக்கும் மேடம். நமக்குக் கார்டுதான்" என்றேன். அதிகாரி மேசையைத் தட்டிச் சிரித்தார். கேட்டவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். நல்ல கேள்வி ஒன்றை அப்படித்தான் கொன்றேன்.

எனக்குத் தெரியாத விஷயமா இது? வைத்திக்குப்பத்தில் நான் வாடிக்கையாக மீன் வாங்கும் அக்கா வீடே அப்படித்தான். புருஷன் போன பிறகு அதே வீட்டை ஒட்டிய ஓர் அறையில் தனி அடுப்பு. மூத்த ஓரகத்தியோடு வருஷக்கணக்காகப் பேச்சில்லை. ஆனால் கார்டு ஒன்றுதான், அதில் முதல் பெயர் ஓரகத்தி. பிரிக்கப் போனால் விசாரணைக்கு வருவார்கள், சிவப்பு கார்டு மஞ்சளாகிவிடும், அப்புறம் எந்த உதவியும் வராது என்று பயம். எங்கள் ஊரில் குடும்பம் பிரியும், நடுவில் சுவர் எழும்பும், கார்டு மட்டும் பிரியாது.

அக்காவின் மனுவை அவருடைய மீன் பலகை ஓரத்தில் வைத்து நானே நிரப்பினேன். "சார், என் பென்ஷன் என் புக்குலயேதான ஏறும்?" என்று கேட்டார்.

பேனாவை அங்கேயே மூடியிருக்க வேண்டும். "பணத்துக்குக் காலா இருக்கு, வீடு மாறிப் போக? போடுங்கக்கா கையெழுத்த" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டார். அன்றைக்கு இரண்டு சங்கரா மீன் கூடுதலாக வைத்தார். கூசாமல் வாங்கிப் போய் வறுத்துத் தின்றேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு காலையில் போனபோது பலகை காலியாக இருந்தது. அக்கா ஓரகத்தி வீட்டு வாசலில் நின்றிருந்தார், தலையிலிருந்த அன்னக்கூடையைக்கூட இறக்காமல். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"பெரியவன் ஏடிஎம் கார்ட எடுத்துக்கினு மூலக்குளம் போயிருக்கான். நாளைக்கு வா."

"நேத்தும் இதத்தான சொன்ன?"

"இன்னிக்கும் அதத்தான் சொல்றேன். உன் பென்ஷன எனக்குக் குடுன்னு நானா போய் கேட்டேன்? அவங்களா போடுறாங்க."

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். இத்தனை வருஷம் பேசாத இருவரைப் பேச வைத்த பெருமை எனக்குத்தான். அக்கா திரும்புவதற்குள், வண்டியை ஸ்டார்ட் செய்தால் சத்தம் கேட்குமே என்று, படகுகளுக்குப் பின்னால் மணலில் தள்ளிக்கொண்டே ஓடினேன். என் தொப்பைக்கு அது நல்ல வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். சிரிக்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அதிகாரியிடம் சொன்னேன். "அடுப்பக் கேஸ் ஏஜென்சி பாத்துக்கும்னு நீங்கதானய்யா சொன்னீங்க?" என்று என் ஜோக்கை எனக்கே திருப்பிக் கொடுத்து, மறுபடியும் அதே மாதிரி சிரித்தார். கார்டைப் பிரித்தால்தான் வழி என்றார்.

அடுத்த ஞாயிறு, மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகும்வரை தள்ளி நின்றேன். பிறகு பலகைக்குப் பக்கத்தில் குந்தினேன். "அக்கா, தப்பு என்னோடது. கார்டப் பிரிக்க மனு போடுவோம். விசாரணைக்கு வந்தா நானும் கூட நிக்கிறேன். இப்பவே எழுதிடறேன்" என்று பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

அக்கா செதில் உரசுவதை நிறுத்தவில்லை. நிமிரவும் இல்லை.

"நீங்க எழுதுனது போதும் சார்."