சுரங்க வரைபடத்தில் நான் போடாத கையெழுத்து

சுரங்கத்தில் தூண் என்றால் கட்டுவது அல்ல, வெட்டாமல் விட்டுவைக்கிற நிலக்கரி. அதைப் பார்க்கும்போதெல்லாம் முதலாளிக்குக் கை அரிக்கும். அதில் கை வைக்காதே என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். மலேசியாவில், கோலசிலாங்கூரில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து, கடல் தாண்டி சரவாக் பக்கம் இருக்கும் சுரங்கங்களுக்கு வரைபடம் சரிபார்க்கிறவள் நான். "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்ற வார்த்தையைக் கேட்டுப் பேனாவை மூடிவைத்தவர்கள் யாராக இருந்தாலும், நர்ஸோ அக்கவுண்டன்டோ, நீங்களும் நம்ம கூட்டம்தான்.

மேல்வீடு

அப்படி ஒரு சுரங்கத்தின் மேனேஜர் குணா, பத்தாங் காலி ஊர்க்காரர். அவருடைய சுரங்கத்தில் நிலக்கரி இரண்டு அடுக்காக இருக்கிறது, நடுவில் மெல்லிய பாறை. மேல் அடுக்கை எப்போதோ வெட்டி முடித்து, தூண்களை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது கீழ் அடுக்கில் வேலை. மலையின் பாரம் முழுக்க மேல் தூண்கள் வழியாகத்தான் இறங்கும். ஆகவே மேல் தூணுக்கு நேர் கீழே தூண் இருக்க வேண்டும், ஆள் நடக்கும் பாதை இருக்கக் கூடாது. குணா எங்கள் ஆபீஸுக்கு வந்தபோது, வாங்கிவைத்த தே தாரேக் டீ ஆறிப்போகும்வரை இதை விளக்கினேன். குணா சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேல்வீட்டுல ஆளே இல்ல மேடம். காலி வீட்டுக்குப் போயி ஏன் இவ்ளோ பயப்படுறீங்க?"

இரண்டு வடக்கு

குணா கொடுத்த இரண்டு வரைபடங்களையும் வடக்குக்கு வடக்கு பொருத்தி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், தூணுக்குக் கீழே தூண் அச்சு அசலாக உட்கார்ந்தது. நானும் மகிழ்ந்துபோய், போனில் 'சரி' என்று சொல்லிவிட்டேன். அந்தச் 'சரி'யை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

தப்பைக் கண்டுபிடித்தவன் எங்கள் ஆபீஸில் படம் வரையும் சேகர். காற்றுக்காகத் தோண்டிய இரண்டு குழிகள் இரண்டு அடுக்கையும் துளைத்துக்கொண்டு இறங்குகின்றன. ஒரே குழி இரண்டு வரைபடத்திலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமா, இல்லையா? ஆனால் அப்படி இல்லை. பழைய சர்வேயர்கள் தங்கள் வசதிக்கு, சுரங்கப் பாதை போன திசையையே வடக்கு என்று வைத்து வரைந்திருக்கிறார்கள். புதிய வரைபடத்தில் இருப்பது நிஜமான வடக்கு. சேகர் இரண்டையும் டிரேசிங் தாளில் எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, குழிக்குக் குழி பொருந்தும்வரை மேல் தாளைத் திருப்பினான். மேல் தூண்கள் நகர்ந்து வந்து கீழ்ப்பாதைகளின் தலைக்கு நேராக நின்றன. அந்த நேரத்திலும் அந்தப் பாதைகளில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சேகர் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நம்ம மேப்புல தூணுக்குக் கீழ தூணு. அங்க தூணுக்குக் கீழ ஆளு."

வேறு ஆள்

என் 'சரி'யைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேலையை நிறுத்திப் பாதைகளை மாற்றச் சொல்லி எழுதினேன். மாற்றினால் ஏகப்பட்ட நிலக்கரி உள்ளேயே தங்கிவிடும். குணா நேராக என் பாஸைப் பிடித்தார். பாஸ் கெட்டவர் இல்லை, பயந்தவர். பக்கத்து ஊரான புக்கிட் ரோத்தானில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போய், நண்டுக் கறியை என் பக்கம் தள்ளினார். விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. போனில் சொன்னதைக் கையெழுத்தாகப் போட்டுவிடு என்றார். மாட்டேன் என்றேன். நண்டை மட்டும் விடவில்லை, அது என்ன பாவம் செய்தது? இலையை மடிக்கும்போது பாஸ் சொன்னார்: "நீ சைன் பண்ணலன்னா வேற ஆளு பண்ணுவான்லா. நமக்கு வேலையும் போகும், சுரங்கமும் நிக்காது."

மண்டோர்

அதுதான் உறைத்தது. என் கையெழுத்து இல்லாவிட்டாலும் ஆட்கள் கீழேதான் இருப்பார்கள். பாஸிடம் சொல்லாமல், ஆபீஸுக்குத் திரும்பிய கையோடு, சேகர் ஒட்டிய படத்தில் ஆபத்தான இடங்களைச் சிவப்பால் குறித்து, கீழே ஆட்களை வேலை வாங்கும் சுரங்கத்து மண்டோர் முனியாண்டி அண்ணனுக்கு அனுப்பினேன். விதிப்படி நான் அவரோடு பேசவே கூடாது. அந்த விதியை எழுதியவர் ஒரு நாளும் கீழே இறங்கியிருக்க மாட்டார்.

அண்ணன் உடனே கூப்பிட்டார். சிவப்பு போட்ட இடங்களில்தான் தரை உப்பிக்கொண்டு வருகிறதாம், சுவரிலிருந்து கரி தெறிக்கிறதாம். அவர் சொன்னதைச் சுரங்கத்து ஆபீஸில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம். கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைத்தார்: "ஆளுங்க எல்லாத்தையும் மேல ஏத்திட்டேன்மா. எவன் கேட்டாலும் உங்க மேப்ப மூஞ்சிக்கு நேரா காட்டுவேன். என்னைய வேலைய விட்டுத் தூக்குனா தூக்கட்டும்."

ஜெராமில் ஒரு சந்திப்பு

ஏறிய ஆட்கள் மறுபடி இறங்க மறுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அந்தப் பாதைகளுக்குத் தடுப்பு போட்டுவிட்டு, புதிய பாதை வெட்டினார்கள். அதற்கு வரைபடம் சரிபார்த்துக் கொடுத்தது வேறு கம்பெனி, எங்களுக்கு அந்த வேலை போய்விட்டது. முனியாண்டி அண்ணனை யாரும் தூக்கவில்லை. பாஸ் என்னைப் பார்த்துச் சிரித்து ரொம்ப நாளாகிறது. பரவாயில்லை, அவர் சிரிப்பு அப்படியொன்றும் அழகில்லை.

போன மாதம் கடலோர ஜெராமில் ஈக்கான் பாக்கார் கடைக்குச் சுட்ட மீன் சாப்பிடப் போனேன். அங்கே குணா குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "நீங்க பயமுறுத்துன எடம் இன்னிக்கி வரைக்கும் அப்படியே நிக்குது மேடம், ஒரு கல்லுகூட விழல! எவ்ளோ கரி வேஸ்ட்டு, பாத்தீங்களா?"

கல் விழாததற்காகத் திட்டு வாங்கும் தொழில் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தத் திட்டை இன்னும் நூறு தடவை வாங்க நான் தயார்.