தட்டைத் திருப்பிய கெய்னர்

இங்கிலாந்தில் பீங்கான் ஆலைகளுக்குப் பேர்போன பர்ஸ்லெம் ஊர்க்காரர்களை விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று கேட்டுப் பிரயோசனமில்லை. பரிமாறுவதற்கு முன்னாலேயே தட்டைத் தூக்கித் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுவார்கள். எந்த ஆலை முத்திரை, நம்ம ஊரா, வெளியூரா என்பது தெரிந்தால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும். கல்யாண வீடு, துக்க வீடு, ஆஸ்பத்திரி கான்டீன், எங்கே போனாலும் இதே கூத்துதான். கெய்னர் பேடலி இதில் ஒருபடி மேலே. அக்கா மகன் கல்யாணத்தில் சூப்போடு சேர்த்துக் கிண்ணத்தைத் திருப்பினவள் அவள். மடியெல்லாம் சூப். அப்படியும் "வெளியூர்ச் சரக்கு" என்று சம்பந்தி வீட்டார் காதில் விழும்படி சொல்லிவிட்டுத்தான் துடைத்துக்கொள்ளப் போனாள்.

பதினாறு வயதில் பீங்கான் ஆலைக்குப் போனாள். தட்டின் விளிம்பில் பூ வரைகிற வேலை. வரைகிற பெண்கள் ஆலை முத்திரைக்குக் கீழே தங்களுக்கென்று ஒரு சின்ன அடையாளத்தைத் தூரிகையால் போட்டு வைப்பது அங்கே வழக்கம். கெய்னருடைய அடையாளம் ஒரு புள்ளியும் அதற்கு ஒரு வாலும். அவள் அதைத் துளிர் என்று சொல்லிக்கொண்டாள். பக்கத்து இருக்கை லினெட் மேச்சின் அதைப் பார்த்துவிட்டு, "இது தலைப்பிரட்டைடீ" என்றாள். அந்தப் பேர்தான் நிலைத்தது.

கூடத்தில் நாற்பது பெண்கள் கை வேலை பார்க்க, வாய் பாட்டுப் பாடும். கெய்னர் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் தொடர்வார்கள். சூளையில் வேலைபார்த்த டெரிக் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே தட்டு வண்டியைச் சுற்று வழியில் தள்ளிக்கொண்டு போவான். மேஸ்திரி திட்டுவார். அவன் மறுநாளும் அதே வழியில்தான் போவான். இப்படித்தான் கல்யாணம் நடந்தது, இரண்டு பிள்ளைகள் பிறந்தன, வீடு வந்தது. அப்புறம் ஒரு நாள் ஆலையை மூடிவிட்டார்கள். கடைசி வாரம் கெய்னர் வரைந்த தட்டு ஒன்றை, தானே சுட்டு, தானே சூளையிலிருந்து எடுத்து, கோட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான் டெரிக். அது சமையலறைச் சுவரில் கெட்டிலுக்கு மேலே மாட்டியது மாட்டியபடி இருக்கிறது.

ஆலை போனதும் கெய்னர் பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்தாள். டெரிக் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினான். முழங்கால் போனது, பேச்சும் பாதி போனது. ஆலை என்ற சொல்லை வீட்டில் எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவான். கெய்னர் பாடுவதை நிறுத்தவில்லை, அவளை நிறுத்த எமன்தான் வரவேண்டும். ஆனால் வண்டியைச் சுற்று வழியில் தள்ளிக்கொண்டு வந்து கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

இந்த நிலைமையில்தான் பக்கத்து ஊர் ஹான்லியின் நாடக அரங்கில் புதிதாக ஒரு பாட்டு நாடகம் போடப் போவதாகச் சேதி வந்தது. பேர் 'எட்டு மணிச் சங்கு'. பீங்கான் ஆலைப் பெண்களின் கதை. இங்கே ஓடினால் லண்டனுக்குப் போகும் என்றார்கள். பின்பாட்டுக்கு, ஆலையில் நிஜமாகவே வேலைபார்த்த பெண்கள் எட்டுப் பேர் தேவை. கெய்னரும் லினெட்டும் போய்ப் பாடிக் காட்டினார்கள். இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்கள். கெய்னர் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதே முழுப் பாட்டையும் பாடிக்கொண்டு வந்தாள். அந்த ஊரில் பஸ் ஓட்டுநரிலிருந்து வக்கீல் வரைக்கும் யாரும் யாரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "கண்ணு, எறங்குற எடம் போயி ரெண்டு ஸ்டாப் ஆச்சு" என்றார்.

டெரிக்கிடம் சொன்னபோது அவன் ஓட்ஸ் தோசைக்குள் பாலாடைக்கட்டியையும் பன்றிக்கறியையும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"லண்டன்காரன் நம்மள மேடைல ஏத்தி வேடிக்க காட்டப் போறான்" என்றான். "ஊரே பாத்துச் சிரிக்கும். ஆலைய மூடினப்ப சிரிச்சது பத்தாதா?"

"நீ வந்து பாரு. பாத்துட்டு அப்புறம் திட்டு."

"என்னால முடியாது. ஒன்னப் பாத்து நாலு பேரு சிரிக்கறத நான் ஒக்காந்து பாக்கணுமா?"

மேடை கிடைத்தது அவளுக்குப் பெரிய விஷயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எதிரே டெரிக் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதுதான் அவளுடைய உண்மையான ஆசை. நடிக்கிறவர்களுக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓசி டிக்கெட் ஒன்று உண்டு. முழங்காலை நீட்டிக்கொள்ள வசதியாக மூன்றாம் வரிசையில் வழியோர நாற்காலியை அவனுக்கென்று கேட்டு வாங்கினாள். டிக்கெட்டைக் கெட்டில் பக்கத்தில் வைத்தாள். அது அங்கேயே கிடந்தது.

முதல் ஆட்டம் படு மோசம். பர்ஸ்லெம், டன்ஸ்டால், லாங்டன் என்று சுற்று வட்டாரமே வந்திருந்தது. வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கட்டிய கை கட்டியபடியே. கதாநாயகி சலவை மடிப்புக் கலையாத ஏப்ரனில், கன்னத்தில் அளந்து வைத்த களிமண் பொட்டோடு வந்து நின்றதும், முன்வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "இம்புட்டு சுத்தமா எந்த ஆலைலடீ வேல பாத்தா இவ?" என்றாள். அது மேடை வரைக்கும் கேட்டது. பாட்டு முடிந்ததும் ஏதோ கடமைக்குக் கைதட்டினார்கள். மழை நின்ற பிறகு கூரை சொட்டுகிற மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக. மூன்றாம் வரிசை வழியோர நாற்காலி காலி.

மறுநாள் மதிய ஆட்டம். இயக்குநர் இமோஜன் லண்டன்காரி, நல்ல பெண்தான், ஆனால் அன்று கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எட்டுப் பெண்களையும் நிற்க வைத்துச் சொன்னாள். "விருந்துக் காட்சியில நீங்க ஆலைப் பெண்கள் இல்ல. பிரபு வீட்டுக்கு வந்த சீமாட்டிகள். தட்டை வாங்குங்க, கழுத்தை நிமித்துங்க, நில்லுங்க. வேற எதுவும் செய்யாதீங்க. தயவு செஞ்சு."

அந்தக் காட்சிதான் நாடகத்தின் உச்சம். கதாநாயகி தன் கையால் வரைந்த தட்டுகள் லண்டன் பிரபுவின் விருந்துக்குப் போகின்றன. சீமாட்டிகள் கையில் அந்தத் தட்டு ஏற ஏற, அவள் தன் மண்ணையும் தன் கையையும் புகழ்ந்து உருகிப் பாடுவாள். ஒத்திகை முழுவதும் அட்டைத் தட்டுதான் கொடுத்திருந்தார்கள். அட்டையை யார் திருப்பிப் பார்ப்பார்கள்? அன்று மதியம்தான் மேடைச் சாமான் பொறுப்பாளர் மோஸ், ஒரு கடையிலிருந்து நிஜப் பீங்கான் தட்டுகளை வாங்கி வந்திருந்தார். பெண்களிடம் யாரும் சொல்லவில்லை.

தலையில் இறகு, கழுத்தில் முத்து, முழங்கை வரைக்கும் கையுறை. கெய்னர் நிமிர்ந்து நின்றாள். தட்டு கைக்கு வந்தது. நல்ல கனம், கையுறையைத் தாண்டியும் விரலில் அந்தப் பழைய குளிர்ச்சி. பாட்டு உச்சத்துக்கு ஏறியது. கெய்னரின் கை அவளைக் கேட்காமலே தட்டைத் திருப்பிவிட்டது.

திருப்பினதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. முத்திரையைப் படித்தாள். எங்கேயோ கடல் தாண்டிச் செய்த சரக்கு. 'ச்ச்' என்று நாக்கைத் தட்டி லினெட்டிடம் காட்டினாள். லினெட் தன் தட்டைத் திருப்பினாள். அடுத்தவள் திருப்பினாள். எட்டுச் சீமாட்டிகளும் வரிசையாகத் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துப் படித்துக்கொண்டிருக்க, கதாநாயகி நடுவில் நின்று எங்கள் மண், எங்கள் மண் என்று பாடிக்கொண்டிருந்தாள்.

பிறகு நடுவரிசையிலிருந்து ஒரு கட்டைக்குரல்.

"எந்த ஊரு சரக்கு, கண்ணு?"

கெய்னர் கேட்டவரைப் பார்த்தாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். இறகு ஆட, துக்க வீட்டில் தலையாட்டுகிற மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டினாள். நம்ம ஊர் இல்லை.

அவ்வளவுதான், அரங்கம் வெடித்தது. கட்டிய கைகளெல்லாம் அவிழ்ந்தன. பக்கத்து ஆள் முதுகில் அடித்துச் சிரித்தார்கள், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்கள், எழுந்து நின்று தரையை உதைத்தார்கள். வாத்தியக்காரர்கள் தாளத்தைத் தொலைத்துவிட்டுத் தேடினார்கள். கதாநாயகி கெட்டிக்காரி. தானும் ஒரு தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்து, இடுப்பில் கை வைத்து, "ஐயோ, என்னோடத எங்கடா போட்டீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் அந்தச் சனம் நாடகத்தைத் தன் சொந்த வீட்டுச் சண்டை மாதிரி பார்த்தது. மேடையைப் பார்த்து யோசனை சொன்னது, அழவேண்டிய இடத்தில் நன்றாக அழுதது.

திரை விழுந்ததும் கெய்னர் ஒப்பனை அறைக்குப் போய் இறகைப் பிடுங்கி வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். இமோஜன் உள்ளே வந்தாள்.

"அம்மா, நான் வேணும்னு செய்யல" என்றாள் கெய்னர். "கை தானாப் போயிடுச்சு. என்னத் தூக்கிடுங்க, லினெட்ட விட்டுடுங்க."

"தூக்கறதா? கெய்னர், நாளைக்கும் இதையே செய்வீங்களா?"

மறுநாள் செய்தாள். சொதப்பிவிட்டது. தட்டு வரும், திருப்ப வேண்டும், எந்த ஊர்ச் சரக்கு என்பது ஏற்கெனவே தெரியும் என்றால் கையில் உயிர் எங்கே இருக்கும்? மோஸ்தான் வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேறு வேறு தட்டு, எதுவென்று அவளுக்குச் சொல்லமாட்டார். அதற்குப் பிறகு ஒரு நாளும் பிசகவில்லை. நம்ம ஊர் முத்திரையாக இருந்தால் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள், அரங்கம் கூரை அதிரக் கத்தும். வெளியூராக இருந்தால் தலையாட்டுவாள், அரங்கம் ஊளையிடும். யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கத்துவது ஆட்டத்தின் சடங்காகவே ஆகிவிட்டது. கத்துவதற்குப் போட்டி. அப்புறம் சனங்கள் வீட்டுத் தட்டைப் பையில் வைத்து எடுத்துவர ஆரம்பித்தார்கள். அந்தக் கட்டம் வந்ததும் அரங்கம் முழுக்கத் தட்டுகள் எழும், திரும்பும். வாசலில் டிக்கெட் கிழிப்பவர், "உடைஞ்சா நாங்க பொறுப்பில்ல, கண்ணு" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித் தொண்டை கட்டிப்போனார்.

எல்லாம் சரி, மூன்றாம் வரிசை வழியோர நாற்காலி மட்டும் காலி.

டெரிக் முடிவெட்டப் போன இடத்தில் முடிவெட்டுகிறவன், "ஒன் சம்சாரத்தப் பாத்து ஊரே சிரிச்சு உருளுதாம்ல" என்று சொல்லியிருக்கிறான். பாதி வெட்டிய தலையோடு எழுந்து வந்துவிட்டான். நேரே சமையலறைக்கு வந்து நின்றான்.

"நான் சொன்னனா இல்லியா? சிரிக்கறாங்க."

"என்னப் பாத்துச் சிரிக்கல டெரிக், எங்கூட சேந்து சிரிக்கறாங்க."

"ரெண்டும் ஒரே சத்தம்தான்."

"வெளிய நின்னு கேட்டா ஒரே சத்தம்தான்" என்றாள் கெய்னர். அவளுக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "உள்ள ஒக்காந்து கேட்டாத் தெரியும். உனக்கு வெக்கம். ஆலைய மூடினது நீ செஞ்ச தப்பு மாதிரி இத்தன வருஷமாத் தலையக் குனிஞ்சுகிட்டுத் திரியற. நான் குனிய மாட்டேன்." அவன் போய்த் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். மீதி முடியை வெட்டிக்கொள்ள அப்புறமும் அவன் போகவில்லை. அன்றிலிருந்து அவள் டிக்கெட் வாங்கி வைப்பதை நிறுத்தவில்லை, ஆனால் வா என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

கடைசி ஆட்டம் ஒரு சனிக்கிழமை மதியம். லண்டனிலிருந்து பெரிய கொட்டகைக்காரர்கள் இரண்டு பேர் வந்து மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தார்கள், ஏனென்றால் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் மடியில் ஒரு சூப் பாத்திரமே வைத்திருந்தார். கெய்னர் அன்று ஒத்திகைக்காக வெள்ளனவே கிளம்பி வந்துவிட்டாள். டெரிக் தூங்கிக்கொண்டிருந்தான். திரை விலகியதும் முதல் வேலையாக மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். காலி. சரிதான், போ என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தபடி குரல் ஒத்துழைக்கவில்லை, முதல் பாட்டில் இரண்டு இடத்தில் உடைந்தது.

விருந்துக் காட்சி வந்தது. பாட்டு ஏறியது. அரங்கம் முழுக்கத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கெய்னர் கைக்குத் தட்டு வந்தது. விளிம்பில் நீலப்பூ. எங்கேயோ பார்த்த பூ. திருப்பினாள்.

ஆலை முத்திரை. கீழே ஒரு புள்ளி, அதற்கு ஒரு வால்.

கெட்டிலுக்கு மேலே தொங்கிய தட்டு. அதைச் சுவரிலிருந்து கழற்ற உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும். மோஸ் திரை மறைவில் நின்று, எனக்கொன்றும் தெரியாது என்பதுபோல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெய்னர் நெஞ்சோடு அணைக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. லினெட் எட்டிப் பார்த்துவிட்டு, "தலைப்பிரட்டைடீ" என்று முணுமுணுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கத்தக் காத்திருந்தவர்களும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தாமல் இருந்தார்கள்.

அப்போது மேல் மாடத்தின் கடைசி வரிசையிலிருந்து, ஓசி டிக்கெட்டில் வராமல் காசு கொடுத்து வாங்கிய இடத்திலிருந்து, சூளைப்புகை ஏறிக் கரகரத்த ஒரு குரல் வந்தது. கத்திப் பழக்கமில்லாத குரல்.

"எந்த ஊரு சரக்கு, கண்ணு?"

கெய்னருக்கு அந்த நாடகத்தில் தனியாகப் பேசுகிற வசனம் ஒரு வரிகூடக் கிடையாது. பிரபு வீட்டுச் சீமாட்டி பேசக்கூடாது. அவள் மேடையின் விளிம்பு வரைக்கும் நடந்து வந்து, தட்டின் அடிப்பக்கம் மேல் மாடத்துக்குத் தெரியும்படி இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள்.

"நம்ம ஊருதான்" என்றாள். "நான் வரைஞ்சது. நீ சுட்டது."

அரங்கம் மொத்தமும் எழுந்து மாடத்தைத் திரும்பிப் பார்த்தது. அங்கே கடைசி வரிசையில் பாதி முடிவெட்டிய தலையோடு ஒரு ஆள், வலிக்கிற முழங்காலை ஊன்றி, நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான்.