என் வாயால் மைஸ்டரான அண்ணன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கதை தொடங்குவதே அந்த வாயில்தான்.

என் அண்ணன் இருபத்தைந்து வருடமாகப் பேர்லினில் ஒரு பைப் வேலைக் கம்பெனியில் இருக்கிறார். நொய்கெல்ன் பக்கம் எந்தத் தமிழ் வீட்டில் சிங்க் அடைத்தாலும், ஹீட்டர் சூடாகாவிட்டாலும் அவருக்குத்தான் போன் வரும். சனிக்கிழமைகளில் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு யூ-பான் ரயிலில் போவார். வேலை முடிந்ததும் தேத்தண்ணியும் வடையும் சாப்பிட்டுவிட்டு வருவார். காசு வாங்கமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் செருப்புப் போடுகிற இடத்தில் யாரோ ஒரு அக்கா, "உங்கட அண்ணை என்ன வேலை செய்யிறவர்?" என்று கேட்டார். "அவர் மைஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். இந்த நாட்டில் மைஸ்டர் என்பது சும்மா வருகிற பட்டம் இல்லை. தொழில் படித்து, அதற்குமேல் பெரிய பரீட்சையும் எழுதி, சொந்தப் பெயரில் கம்பெனி நடத்த உரிமை பெற்றவர்தான் மைஸ்டர். இருபத்தைந்து வருடம் ஒரே வேலையைச் செய்கிற மனிதர் வேறு என்னவாக இருப்பார் என்று நான் நினைத்தேன். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். குனிந்து சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமையிலிருந்து ஊரே அவரை மைஸ்டர் அண்ணை என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது.

பிறகு எனக்குக் கடை ஆசை வந்தது. பதினெட்டு வருடம் அலுவலகங்களைத் துடைத்துச் சேர்த்ததில், இடியப்பமும் கொத்துரொட்டியும் விற்க ஒரு சின்னக் கடை. கிடைத்த இடம் பழைய தையல் கடை. இரண்டு குளிர்காலம் ஹீட்டர் போடாமல் பூட்டிக் கிடந்ததில் குழாய்களுக்குள் தண்ணீர் உறைந்து, குழாய்கள் வெடித்துப்போயிருந்தன. அதனால்தான் வாடகை மலிவு. தையல் கடையைச் சமையல் கடையாக மாற்ற அனுமதி வாங்கவே ஏழு மாதம் போனது. அதற்குமேல், பதிவு பெற்ற கம்பெனி ஒன்று குழாய் வேலையைப் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்த தாளைக் கொடுத்தால்தான் நிலவறையில் தண்ணீரைத் திறந்துவிடுவோம் என்று கட்டட நிர்வாகம் எழுதியது.

மூன்று கம்பெனிகளுக்கு எழுதினேன். இரண்டு பதிலே போடவில்லை. மூன்றாவது ஒரு மதிப்பீடு அனுப்பியது. அதைப் படித்ததும், பேசாமல் தையல் மெஷின் வாங்கிப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். அவர்கள் வேலைக்கு வருகிற டெர்மினும் சித்திரைக்குப் பிறகுதான். வாடகையோ தை முடிந்ததும் ஓடத் தொடங்கிவிடும். மாசிக்குள் கடை திறக்காவிட்டால் சேர்த்த காசெல்லாம் பூட்டிய கதவுக்கே போய்விடும்.

"நான் இருக்கேக்க நீ ஏன் கண்டவையளுக்கும் எழுதிறாய்?" என்று அண்ணன் கோபப்பட்டார்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தனியாக நின்று வேலை செய்தார். வெளிச்சுவர்ப் பக்கம் ஒரு குழாயையும் போகவிடவில்லை. அங்கேதான் குளிர் கடிக்குமாம். ஒவ்வொரு குழாய்க்கும், பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை போடுகிற மாதிரிப் பஞ்சு உறை சுற்றினார். எண்ணெய்க் கழிவைப் பிடிக்கிற தொட்டியையும் சட்டப்படியே வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்ப நினைத்தேன். "படம் வேண்டாம், வேலை முடியட்டும்" என்றார்.

கோயில் ஐயர் பால் காய்ச்ச நாள் பார்த்துக் கொடுத்தார். பத்தே நாள்தான் இருந்தது. மஞ்சளும் குங்குமமும் வைக்கச் சுவர் வடிவாக இருக்க வேண்டாமா? அண்ணன் இரண்டு நாளில் குழாய்களை மூடிப் பூசி, வெள்ளை டைல்ஸ் ஒட்டிவிட்டார். போத்தல் தண்ணீரில் சட்டியைக் கழுவி, மின்னடுப்பில் பால் காய்ச்சினோம். பால் கிழக்குப் பக்கமாகத்தான் பொங்கியது. இனி அவருடைய கம்பெனி முத்திரையோடு தாள் வந்தால் போதும் என்று காத்திருந்தேன். இன்று, நாளை என்று ஒரு கிழமை போனது. கேட்கும்போதெல்லாம் அவருக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும். கடைசியில் பொறுக்கமுடியாமல் நானே வேறு ஒரு கம்பெனியைக் கெஞ்சிக் கூப்பிட்டேன்.

வந்தவர் ஒரு பெண் மைஸ்டர். என் வயதுதான் இருக்கும். சுவரைப் பார்த்தார். விரல் மடக்கித் தட்டினார். "மூடுவதற்கு முன்பு அழுத்தம் ஏற்றிச் சோதித்த தாள் எங்கே? படமாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. "நான் பார்க்காத குழாய்க்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன். சுவரை உடையுங்கள்" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "இதைச் செய்தவரும் உங்களைப் போல ஒரு மைஸ்டர்தான்" என்று, பின்னால் நின்ற அண்ணனைக் காட்டினேன். அவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்து, எந்தக் கம்பெனி, எந்தப் பதிவு என்று மரியாதையாகவே கேட்டார். அண்ணன் என்னைப் பார்க்காமல் ஜெர்மன் மொழியில் மெதுவாகச் சொன்னார்: "நான் மைஸ்டர் இல்லை. உதவியாள். இருபத்தைந்து வருடமும் உதவியாள்தான்."

அந்தப் பெண் போய்விட்டார். ஐயர் முந்தின நாள் கோயிலில் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "உங்கட அண்ணைதானே கிட்டின நாளாப் பாத்துத் தரச் சொன்னவர்" என்றிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார் மனுசன். டைல்ஸ் ஒட்டிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். ஜெர்மன்காரர் கேட்காமல் விடுவார்களா?

"ஏன் அண்ணை முதலே சொல்லேல்லை?" என்றேன்.

"நீ கோயிலில அத்தினை பேருக்கு முன்னால சொல்லிப்போட்டாய். நீ சொன்னதைப் பொய்யாக்க எனக்கு மனம் வரேல்லை."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாய் என்னை விட்டுவிட்டு அண்ணனைக் கெடுத்திருந்தது. அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. வெட்கம் மட்டும் இருந்தது, அதுவும் என் மேல்.

"உடையுங்கோ அண்ணை" என்றேன். அவர் ஒரு டைலை முழுசாகக் கழற்ற முடியுமா என்று பார்த்தார். ஏலவில்லை. பிறகு சுத்தியலை எடுத்தார். தன் கையால் ஒட்டியதைத் தன் கையாலேயே உடைத்தார். நான் சாக்கில் அள்ளிப் போட்டேன். எனக்கு அழுகை வந்தது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தப் பெண் திரும்பி வந்து, டோர்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். மனதுக்குப் பிடிக்காத இரண்டு மூட்டுகளை வெட்டித் தானே புதிதாகப் போட்டார். பிறகு அழுத்தம் ஏற்றிவிட்டு அளவுமானியை மாட்டினார். மூன்று பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். முள் அசையவில்லை. "நல்ல வேலை" என்று அண்ணனிடம் ஒரே சொல் சொல்லிவிட்டுத் தாளில் தன் பெயரை எழுதினார். பில்லும் முழுசாகத்தான் வந்தது. நல்ல வேலை என்பதற்காக ஒரு சதமும் குறைக்கவில்லை.

அண்ணன் சுவரை மறுபடி மூடி டைல்ஸ் ஒட்டினார். மாசி கடைசியில் கடையைத் திறந்தோம். கோயில் சனம் முழுக்க வந்திருந்தது. செருப்புப் போடுகிற இடத்தில் அன்று என்னிடம் கேட்ட அதே அக்கா, சுவரைப் பார்த்துவிட்டு, "வடிவான வேலை. மைஸ்டர் எண்டால் சும்மாவே?" என்றார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் கொத்துரொட்டித் தட்டோடு நின்ற அண்ணன் முந்திக்கொண்டார்.

"நான் மைஸ்டர் இல்லை, அக்கா. நான் வெறும் உதவியாள். கையெழுத்து வைச்சது வேற ஆள்."

அக்கா இடியப்பத்தைச் சொதியில் தோய்த்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகுதான் பேசினார்.

"அது எங்களுக்கு எப்பவோ தெரியும், தம்பி. அண்டைக்கே வீட்டை போய் என்ர மனுசனைக் கேட்டனான், அவரும் உங்கட கம்பெனியிலதானே கூட்டித் துடைக்கிறவர். எங்கட சனத்தின்ர வீடுகளில நீங்கள் வந்து பூட்டின பைப் பன்ரண்டு வருசமா ஒழுகேல்லை. நாங்கள் வேற என்னெண்டு கூப்பிடுறது?"

அண்ணன் தட்டை வைத்துவிட்டு, கை கழுவப் போகிறவர் போல உள்ளே போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் பில்லை நினைத்துக்கூட நான் மூடச் சொல்லவில்லை.