சங்கரம்மாள் அத்தையின் கூர்க்கா கத்தி

எங்கள் மில்லர்புரத்தில் யார் வீட்டிலாவது வெட்டவோ பிளக்கவோ முடியாத சாமான் ஏதாவது இருந்தால், அதைத் தூக்கிக்கொண்டு துறைமுகம் போகிற சாலைக்கு வருவார்கள். அங்கே வேப்பமரத்தடியில், இளநீர்க் குலைகளுக்கு நடுவில் சங்கரம்மாள் அத்தை உட்கார்ந்திருப்பாள். கையில் கூர்க்கா கத்தி. முழங்கை நீளம் இருக்கும். நடுவில் யாரோ மிதித்து வளைத்ததுபோல் ஒரு வளைவு, அதற்கு அப்பால் வயிறு பெருத்துக் கனமாக இருக்கும். அரிவாளை நாம் ஓங்க வேண்டும். இது தானே போய் விழும்.

அந்தக் கத்தி படாத பாடு படும். காலையில் இளநீர் சீவும். மத்தியானம் சூரை மீனின் தலையை வெட்டும். சாயங்காலம் கருவேல விறகு பிளக்கும். லாரிக்காரர்கள் கொண்டுவரும் கயிற்று முடிச்சை ஒரே போடில் அறுத்துக் கொடுக்கும். இறுகிப் பாறையான கல்லுப்பை அதன் முதுகால் தட்டி உடைப்பாள். அதே முதுகால் என் செருப்பில் ஆணியும் அடித்திருக்கிறாள். எங்கள் ஊர் உப்புக் காற்றில் சைக்கிள் கம்பி ஒரே மழையில் சிவந்துவிடும். அந்தக் கத்தியில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. கடை எடுத்து வைக்கும்போது தேங்காய் எண்ணெய் தொட்டு, பிள்ளைக்குத் தலை துவட்டுவதுபோல் துடைத்துத்தான் வைப்பாள்.

யாராவது கத்தி கேட்டால் கைக்குக் கை கொடுக்கமாட்டாள். தரையில் வைப்பாள், கேட்டவர் குனிந்து எடுக்க வேண்டும். கைக்குக் கை மாறினால் சண்டை வருமாம். எங்கள் தெருவில் கத்தி இல்லாமலேயே தினமும் சண்டை வருகிறது, அது வேறு விஷயம்.

அத்தை ஸ்ரீவைகுண்டம் பக்கத்து நெல்வயல்காரி. அவள் வீட்டுக்காரர் மாசானம் மாமா பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். வடக்கே மலையில் நேபாளிச் சிப்பாய் ஒருவர் காய்ச்சலில் கிடந்தபோது மாமா சுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பிழைக்க வைத்தாராம். அந்த ஆள் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது இந்தக் கத்தி. பிறகு மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து மாமா போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்தது ஒரு தகரப் பெட்டி. அதில் இரண்டு சட்டை, ஒரு கம்பளி, இந்தக் கத்தி. கம்பளிக்கு எங்கள் ஊரில் என்ன வேலை? அத்தை கத்தியை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்துவிட்டாள்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராமர் என்று பெயர் வைத்தார்கள். வால் இருந்ததைக் கவனிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். ஏன் படிக்கவில்லை என்று என்னைக் கேட்காத ஒரே ஆள் அத்தைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒருநாள் கடற்கரையில் கிடந்த பழைய வள்ளம் ஒன்றுக்குள் ஒளிந்துகொள்ளக் குதித்தேன். யாரிடமிருந்து ஒளிந்தேன் என்பது இங்கே தேவையில்லை. இற்றுப்போன பலகை உடைந்து கால் உள்ளே போய்விட்டது. உடைந்த மரச் சிலாம்பெல்லாம் கீழ்நோக்கிக் குத்தி நின்றதால் கணுக்காலை மேலே இழுக்க முடியவில்லை. அத்தையைக் கூட்டி வந்தார்கள்.

"கண்ண மூடுலே" என்றாள்.

"எதுக்கு அத்த?"

"உன் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சிரிப்பு வருது. சிரிச்சா கை ஆடும்."

மூடினேன். கணுக்காலைச் சுற்றி நாலு பக்கமும் தொப்பு தொப்பென்று விழுந்தது. ஒவ்வொரு வெட்டிலும் இரும்பின் குளிர்ச்சி தோலில் தெரிந்தது. ஒன்றுகூடத் தோலைத் தொடவில்லை. அந்தக் காலில்தான் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட கத்தி போன ஆயுத பூஜை அன்று அத்தையை விட்டுப் போக இருந்தது.

மாசானம் மாமாவின் தம்பி வெள்ளத்துரை ஸ்ரீவைகுண்டத்தில் வயல் பார்க்கிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் பிடிவாதம். அண்ணன் படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி செய்து கத்தியை அதில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு முந்தின வருஷப் பூஜைக்கே வந்து கேட்டார்.

"பட்டாளத்துக் கத்தியில எளனி சீவுதீயளே மதினி, அண்ணன் பாத்தா மனசு என்ன பாடுபடும்?"

"ஒங்கண்ணன் அதுல ஆட்டு எலும்பு வெட்டுனாரு, தம்பி. எளனிக்கு இப்ப என்ன குறைச்சல்?"

"இப்படிப் போட்டு அடிச்சா ஒருநாள் அது வீணாத்தான் போவும்."

அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. "அடுத்த பூசைக்கு வந்து பாரு. அதுல ஒரு பொக்கை விழுந்திருந்தா நீயே எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னபடி அவர் வந்தார். வயலில் வெட்டின வாழைத்தாரோடு வந்தார். அத்தை வீட்டில் மாமா படத்துக்கு முன்னால் பொரி, சுண்டல், அரிவாள்மனை, உலக்கை எல்லாம் வைத்திருந்தது. நடுவில் புளி போட்டு விளக்கின கத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்துப் புதுப் பெண்ணாகப் படுத்திருந்தது. விளக்கினவன் நான். பொரிக்காக விளக்கினேன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை.

வெள்ளத்துரை கும்பிட்டுவிட்டுக் கத்தியைக் குனிந்து எடுத்தார். நுனியிலிருந்து கட்டைவிரல் நகத்தை ஓட்டிக்கொண்டே வந்தார். நகம் வழுக்கிக்கொண்டே வந்தது. அத்தையின் முகத்தில் மெல்லச் சிரிப்பு ஏறியது. கைப்பிடிக்குக் கொஞ்சம் முன்னால் நகம் டக்கென்று நின்றது.

"இங்கன என்ன மதினி?"

நானும் எட்டிப் பார்த்தேன். கத்தியின் வாயில் பல் விழுந்ததுபோல் ஒரு சின்னப் பள்ளம். இத்தனை நாளும் தென்னைக் கறை ஏறி மூடியிருந்தது. என் புளி அதைப் பளிச்சென்று காட்டிவிட்டது.

"அது மொதல்லயே இருக்கது" என்றாள் அத்தை.

"எந்தக் கொல்லனாவது புதுக் கத்தியில பொக்கை வச்சுக் குடுப்பானா?"

அத்தை மாமா படத்தைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான். எடுத்துட்டுப் போ. ஆனா பொக்கைன்னு சொல்லி எடுக்காத தம்பி. ஆசையா இருக்குன்னு சொல்லி எடு."

அவள் குரலை அப்படி நான் கேட்டதில்லை. நாளைக்குக் கடைக்கு என்ன கத்தி என்று அவள் யோசிக்கவில்லை. கொல்லன் பட்டறைக்குப் போனால் அரிவாள் வாங்கிவிடலாம். மாமா தொட்ட பிடியை எங்கே போய் வாங்குவது?

நான் ஓடினேன். எங்கள் ஊரில் இன்னொரு கூர்க்கா கத்தி உண்டு. உப்பு மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் காவல் இருக்கிற கூர்க்காவின் இடுப்பில் அது தொங்கும். அதன் வாயை யாரும் பார்த்ததில்லை. உருவினால் ரத்தம் பார்க்காமல் உறைக்குள் போகாது என்று ஊரே சொல்லும். அவருடைய விசிலுக்குள் கோலமாவு போட்டு வைத்தவன் நான். அதனால் அந்த ரத்தம் யாருடையதாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கிட்டங்கிக்குப் பக்கத்தில் அவர் அறை. எட்டிப் பார்த்தால் ஆச்சரியம். ஒரு மணைமேல் அவருடைய கத்தி உறையோடு இருந்தது. குங்குமம், செவ்வந்திப் பூ, ஊதுபத்தி.

"அண்ணாச்சி, உங்க ஊர்லயும் ஆயுத பூசையா?"

"பின்ன? உங்க ஊர்ல மட்டும்தான் சாமி இருக்கா?" பத்து வருஷம் எங்கள் ஊரில் இருந்து எங்களைவிட நன்றாகப் பேசப் பழகியிருந்தார். "என்னலே வேணும், மாவு வியாபாரி?"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் இடது கையை நீட்டினேன். "கத்திய உருவிக் காட்டணும் அண்ணாச்சி. ரத்தம் கேக்கும்னு சொல்லுதாவ. இந்தச் சுண்டுவிரல்ல கொஞ்சமா எடுத்துக்கிடுங்க."

அவர் என் விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் சுவரில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் ஊதுபத்திச் சாம்பல் உதிர்ந்தது.

"முந்தாநாளு இதுலதான் பூசணிக்கா வெட்டுனேன். பூசணிக்காய்க்கு ஏதுலே ரத்தம்?"

பூவோடும் குங்குமத்தோடும் கத்தியைத் தட்டில் ஏந்திக்கொண்டு, தேர் வருகிற மாதிரி என்னோடு நடந்து வந்தார். மாமா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து உருவினார். இரண்டு கத்தியையும் பக்கம் பக்கமாக வைத்தார். அதே இடம், அதே பள்ளம்.

"இது பொக்கை இல்ல அண்ணாச்சி" என்றார் வெள்ளத்துரையிடம். "எங்க ஊருக் கொல்லன் வச்சேதான் குடுப்பான். இல்லன்னா நாங்க வாங்க மாட்டோம்."

"எதுக்கு அது?"

"மாட்டுக் குளம்புன்னு எங்கப்பா சொல்லுவாரு. சூலம்னு எங்கம்மாவோட அண்ணன் சொல்லுவாரு. ரெண்டு பேருக்கும் இதுல சண்டையாகிப் பேச்சே நின்னுபோச்சு. நான் கேக்கதையே விட்டுட்டேன்."

வெள்ளத்துரை இரண்டு பள்ளத்தையும் விரலால் தொட்டார்.

"அண்ணன் லீவுல வரும்போதெல்லாம் கேப்பேன் மதினி. உருவுனா ரத்தம் கேக்கும்னுட்டு உறையோடதான் காட்டுவான். இதோட வாய நான் தொட்டுப் பாக்கதே இன்னைக்குத்தான்."

"நீ விரல அறுத்துக்கிடுவேன்னுதான் அப்படிச் சொன்னாரு. அடுப்படியில எனக்கு வெங்காயம் உரிக்கக் குடுப்பாரே" என்றாள் அத்தை. அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்குக் கத்திக்கு ஓய்வு; எதையும் வெட்டக் கூடாது. அதனால் மறுநாள் அதில் சீவும் இளநீரைக் குடித்துவிட்டே போவது என்று வெள்ளத்துரை தங்கிவிட்டார். கூர்க்காவுக்கு அத்தை சுண்டல் வைத்தபடி, "உங்க பேரு என்னய்யா?" என்று கேட்டாள். கர்ணபகதூர் என்றார். பத்து வருஷத்தில் அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை வேப்பமரத்தடியில் முதல் இளநீர் வெள்ளத்துரைக்கு. ஒரே சீவல், மூடி பறந்தது. குடித்து முடித்து, "எளனியும் நல்லாத்தான் சீவுது" என்றார். அத்தை தகரப் பெட்டியில் கிடந்த வெறும் தோல் உறையைக் கொண்டுவந்து பழக்கத்தில் தரையில் வைத்தாள்.

"நீ பாத்தது இதத்தான தம்பி? இது ஒனக்கு."

"உறைக்குமா கைக்குக் கை கூடாது?"

அத்தை சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

வெறும் உறையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் ஊரில் சிரிப்பார்களே என்று எனக்குத் தோன்றியது. அத்தையிடம் கத்தியைக் கேட்டு வாங்கி, பூவரசங் கட்டை ஒன்றைச் செதுக்கி, பிடி மாதிரியே செய்து உறையின் வாயில் செருகிவிட்டேன். அடுப்புக்கரியும் எண்ணெயும் தேய்த்ததும் அசல் பிடி தோற்றது. இப்போது ஸ்ரீவைகுண்டத்தில் பட்டாளத்துக் கத்தியைப் பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். இதுவரை ஒருவரும் உருவிப் பார்க்கவில்லை. உருவினால் ரத்தம் கேட்குமே.