குடும்பத்தினர் உட்பட

எங்கள் ஆய்வின் ஒப்புதல் படிவத்தில் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவள் நான்தான்: "நீங்கள் சொல்வது உங்கள் குடும்பத்தினர் உட்பட யாருக்கும் தெரிவிக்கப்படமாட்டாது." 'யாருக்கும்' என்றாலே போதும் என்றார் மேற்பார்வையாளர். வீட்டில் நோயாளியைப் பராமரிக்கும் பெண்களிடம் பேசப்போகிறோம், அவர்கள் ஊருக்குப் பயப்படுவதைவிட வீட்டுக்குத்தான் பயப்படுவார்கள் என்று நான் வாதாடினேன். வரி நின்றது.

ஒலிப்பதிவுகளுக்குப் பெயரோ ஊரோ வைக்காமல் எண் மட்டும் வைப்பதும் என் ஏற்பாடுதான்.

பேட்டிக்கு வீடுகளைத் தேர்ந்தெடுக்கப் பட்டியலைக் கணினியில் குலுக்கியபோது சித்தாண்டியில் எங்கள் வீடும் வந்தது. அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து மூன்று வருடம். இடப்பக்கம் அசையாது, பேச்சும் சில சொற்களோடு நின்றுவிட்டது. ஊர் வயல்வெளியான வட்டையில் இருந்த எங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம். அம்மாதான் எல்லாம் பார்க்கிறார். நான் உடனே மேற்பார்வையாளரிடம் சொன்னேன். வேறொருத்தி போய்ப் பேட்டி எடுப்பாள், இன்னொருத்தி அதைக் கேட்டு எழுதுவாள், நான் அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவானது. பேட்டி நடந்த அன்று மாலை அம்மா ஒன்றுதான் சொன்னார்: "நல்ல புள்ள. தேத்தண்ணியும் குடிக்கல்ல. உறிஞ்சிற சத்தம் ரெக்கோடர்ல விழுமாம்."

அந்தக் கிழமை எனக்கு நித்திரை சரியில்லை. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்பவேண்டும். ஒரு தாளை நடுவில் மடித்து, போவதற்கான காரணங்களை ஒரு பக்கமும் நிற்பதற்கானவற்றை மறுபக்கமும் எழுதிவைத்திருந்தேன். நிற்பதற்கான பக்கத்தில் முதல் வரி: அம்மாவால் தனியாக முடியுமா? கேட்கும் போதெல்லாம் அம்மாவிடம் ஒரே பதில். "நான் சமாளிப்பன். நீ போ." அவர் முழங்கையில் ஒரு நாள் கன்றலைக் கண்டேன். கதவு நிலையில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார். நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை, பதிவுகளைக் கேட்டு எழுதும் பிள்ளைக்குக் காய்ச்சல். அவளுடைய கோப்புகள் மொத்தமாக எனக்கு வந்தன. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் எங்கள் ஆய்வு அறையில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இருபத்திரண்டாம் பதிவு வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் எடுத்தது. வாவியைக் கடக்கும் படகின் இயந்திரச் சத்தம் பின்னால் கேட்டது. அதை முடித்து இருபத்து மூன்றைத் திறந்தேன்.

முதலில் மின்விசிறி. இடப்பக்கம் திரும்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு யாரோ இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்கள். அது எங்கள் விசிறி. செருமியது அப்பா. எண் மட்டும் இருந்ததால் கோப்பை என்னிடம் அனுப்பியவருக்கும் அது யார் வீடென்று தெரிந்திருக்காது.

அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். அம்மா பேசத் தொடங்கினார்.

"அவர குளிக்க வாக்கிறதுதான் பெரிய பாடு, மகள். தூக்கிக் கதிரையில இருத்தணும். ரெண்டு தரம் ரெண்டு பேரும் விழுந்திட்டம். மறுகா பக்கத்து வீட்டாக்கள் வந்துதான் தூக்கினாங்க."

"வீட்டுல ஆருக்கும் சொன்னீங்களா அன்ரி?"

"ஆருக்குச் சொல்ற? மகள் இரிக்காள். சொன்னா அவள் போகமாட்டாள்."

நிறுத்தினேன். முப்பது நிமிடப் பதிவில் பதினொரு நிமிடம் ஓடியிருந்தது. எழுந்து தண்ணீர் குடித்தேன். வெளியே போனேன், திரும்பி வந்தேன், மறுபடி வெளியே போனேன். வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவின் முழங்கையைப் பிடித்துப் பார்க்கவேண்டும்போல இருந்தது. எதைச் சொல்லிப் பார்ப்பது? அப்படியே மேற்பார்வையாளரின் அறைக்குள் போய் நடந்ததைச் சொன்னேன்.

"எவ்வளவு கேட்டீங்க?"

"பதினொரு நிமிசம், மெடம்."

"உங்கட வீடெண்டு எப்ப தெரிஞ்சது?"

"முதல் அரை நிமிசத்தில."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வேற ஆளுட பதிவு இப்படி வெளியில போனா என்ன செய்வம்?"

"அவங்களுக்கே சொல்லுவம். ஆய்வில இருந்து விலகலாம் எண்டும் சொல்லுவம்."

"அப்ப அதத்தான் செய்யவேணும். நான் வந்து சொல்லட்டா?"

"நான் சொல்றன் மெடம்."

வீட்டில் அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். பேருந்தில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "உங்கட ரெக்கோடிங் என்ர கைக்கு வந்துட்டும்மா. கேட்டுட்டன். பாதிகூட இல்ல."

அவர் கை நிற்கவில்லை. "அந்தப் புள்ள வாசிச்சுக் காட்டினாளே, குடும்பத்துக்கும் சொல்லமாட்டம் எண்டு."

"ஓம். அது நான் எழுதினது."

"எழுதினவளே கேட்டுட்டு வந்து நிக்காள்."

"நீங்க விலகலாம். காரணம் சொல்லத் தேவல்ல. எல்லாத்தையும் அழிச்சிருவம்." படிவத்தில் இருப்பதை அப்படியே ஒப்பித்தேன்.

"ஆரு விலகுறன் எண்டு சொன்ன?" இப்போதுதான் நிமிர்ந்தார். "நல்லாக் கேளு. இதக் கேட்டதுக்காக நீ போகாம நிண்டியெண்டா, நான் விலகிருவன். போனியெண்டா வச்சிருங்க. என்னப் போல எத்தின பேர் கிடந்து மாயிறாங்க, அவங்களுக்கு உதவட்டும்."

பங்குபற்றுநர் இப்படிப் பேரம் பேசினால் என்ன செய்வதென்று எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

"இது முறையில்லம்மா."

"நீ கேட்டது முறையா?"

கூடத்தில் அப்பா செருமினார். இரண்டு தரம். அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று கேட்டார்: "மிச்சத்தையும் கேட்டியா?"

"இல்ல."

"கேக்காத."

அடுத்த நாள் லீவு போட்டேன். மேசன் வந்து குளியலறைச் சுவரில் இரண்டு கம்பிப் பிடி பொருத்தினார். மத்தியானம் அப்பாவை நான் குளிக்க வார்த்தேன். "கையப் பிடிச்சு இழுக்காத, தோள் கழண்டிரும். இடுப்புச் சாரத்தச் சுருட்டிப் பிடி" என்று அம்மா வாசலில் நின்று கத்தினார். கதிரையில் இருத்துவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அப்பா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்து வீட்டு அக்காவிடம் குளிக்க வார்க்கும் நேரத்துக்கு வந்து நிற்கும்படி கேட்டேன். அம்மா முதலில் வேண்டாம் என்றார். பிறகு அந்த அக்காவிடம் தானே போய், "பன்னண்டரைக்கு வா புள்ள, பிந்தாத" என்றார்.

அந்தக் கோப்பு என் கணினியில் தெரியாதபடி மேற்பார்வையாளர் எடுத்துவிட்டார். பட்டியலில் இருபத்திரண்டுக்கு அடுத்து இருபத்து நான்கு வருகிறது. மற்றப் பெண்கள் சொன்னதை எழுதும்போதெல்லாம் நான் கேட்காத அந்தப் பத்தொன்பது நிமிடத்தில் அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று மனம் அங்கேயே போகிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் 'வருகிறேன்' என்று பதில் அனுப்பினேன். அனுப்பியவுடன் மணியைப் பார்த்தேன். பன்னிரண்டே முக்கால். வீட்டுக்குப் போன் எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். மூன்றாம் தரம் அம்மாவின் குரல்.

"என்ன புள்ள? கையெல்லாம் சவுக்காரம்."

"விழல்லயே?"

"நீ முதல்ல போன வையி."